மனமொத்துப் போட்டது

கோகிலவாணி என் அறைக்குள் வந்தபோது மணி ஒன்று நாற்பது. அவள் பணம் கட்ட வேண்டிய ஏலம் மூன்று மணிக்கு முடிகிறது. அவள் போட்ட மின்காசோலை அதற்குள் இரண்டு முறை திரும்பிவிட்டது. இன்னும் ஒரே ஒரு முறைதான் போட்டுப் பார்க்கலாம்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏனுங்க மேடம், என்ற பணத்தை நான் குடுக்கறதுக்கு எனக்கே மனசில்லைன்னு உங்க மெஷின் சொல்லுதுங்க. அது எப்பிடின்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

நான் வசந்தாமணி. திருப்பூரில் ஒரு வங்கிக் கிளையின் ஒப்பப் பிரிவில் ஒன்பது வருடமாக அதிகாரி. உட்கார்ந்து செய்யும் வேலைதான், ஆனால் என்னால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல ஓரிடத்தில் இருக்க முடியாது. காலை ஆட்டுவேன், பேனாவைத் திறந்து திறந்து மூடுவேன், ஜன்னலுக்கும் மேசைக்கும் நடப்பேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதன் வேகம்தான். கோகிலவாணிக்கு முன்னால் மோதிரம் புதுப்பிக்க நீலப் புடவை கட்டிய ஓர் அம்மா வந்திருந்தார். "விரலை வைங்க. ம். எடுங்க. அடுத்தது" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்து அனுப்பினேன். ஏசி ரிப்பேர் என்பதால் கதவு திறந்தே கிடந்தது. வெளியே பெஞ்சில் இருந்த கோகிலவாணி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மோதிரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் புரியாது.

இந்த ஊரில் பாதிக் கம்பெனி பெண்டாட்டி பெயரில்தான் இருக்கும். வரிக்காகச் சிலர், மானியத்துக்காகச் சிலர், முதல் கம்பெனி படுத்துவிட்டதால் சிலர். கம்பெனி பெயரில் மின்காசோலை போட உரிமையாளரின் டிஜிட்டல் ஒப்பம் வேண்டும். முன்பெல்லாம் அது கட்டைவிரல் நீளத்தில் ஒரு டோக்கனுக்குள் இருந்தது. டோக்கன் எங்கே இருந்தது என்றால், ஆடிட்டர் ஆபீஸில் ஒரு பிஸ்கட் டப்பாவில். ஒரு டப்பாவுக்குள் நாற்பது ஐம்பது கிடக்கும். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயரும், பெயருக்குக் கீழேயே ரகசிய எண்ணும் எழுதியிருப்பார்கள். உலகத்தில் யாராலும் உடைக்க முடியாத பூட்டு என்று கணக்குப் படித்தவர்கள் சொன்னார்கள். நம் ஆட்கள் சாவியை அந்தப் பூட்டிலேயே தொங்கவிட்டிருந்தார்கள்.

பிறகு ஒரு ஆபீஸில் குமாஸ்தா ஒருவன் டப்பாவோடு உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் இருபத்தாறு பெண்களின் ஒப்பத்தில் காசோலை போட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். இருபத்தாறு பேரும் கோர்ட்டில் நின்று நான் போடவில்லை என்றார்கள். ஒப்பம் உன்னுடையது, ஆகவே போட்டது நீதான் என்றது சட்டம். டிஜிட்டல் ஒப்பத்தின் பெருமையே அதுதான். போட்டவர் பிறகு மறுக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் மோதிரம் வந்தது. ரகசியச் சாவி மோதிரத்துக்குள், மோதிரம் விரலில், விரலைவிட்டுக் கழற்றினால் அது செத்துவிடும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கழுத்தில் கத்தியை வைத்துப் போடச் சொன்னால் என்ன செய்வது என்று யாரோ ஒரு புண்ணியவான் கேட்டுவிட்டார். ஆகவே மோதிரம் துடிப்பையும் வியர்வையையும் விரல் நடுக்கத்தையும் பார்க்க ஆரம்பித்தது. ஆள் அமைதியாக இருந்தால் 'மனமொத்துப் போட்டது' என்று ஒப்பத்தோடு சேர்த்துப் பூட்டும். பதறிப் போட்டால் 'மனமின்றிப் போட்டது'. காசோலை திரும்பிவிடும்.

முதல் வருடம் பெண்கள் பெயரிலிருந்த காசோலைகளில் நூற்றுக்கு முப்பது திரும்பின. ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. இப்போது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பெண்கள் விருப்பத்தோடு தொழிலில் இறங்கிவிட்டார்கள் என்று நானே ஓர் அறிக்கை எழுதினேன். அதற்கு எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க அது உதவுகிறது.

கோகிலவாணியின் கணக்கைத் திறந்தேன். 'வாணி நிட்ஸ்', உரிமையாளர் கோகிலவாணி, வயது நாற்பத்து மூன்று. நடத்துவது கணவர் லோகநாதன் என்று எங்கும் எழுதியிருக்காது, ஊருக்கே தெரியும். ஒன்பது வருடத்தில் மூவாயிரத்து நானூறு காசோலைகள். முதல் மாதம் ஏழு திரும்பியிருந்தன, அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. துடிப்பு எழுபது, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. இன்றைய இரண்டும் கம்பெனிக் கணக்கில் இல்லை. அவளுடைய சொந்தக் கணக்கிலிருந்து போனவை. துடிப்பு நூற்றுப் பதினெட்டு, அடுத்தது நூற்றிருபத்தாறு.

விதிப்படி சில கேள்விகள் கேட்க வேண்டும். கேட்டேன்.

"யாராச்சும் போன்ல மிரட்டறாங்களா? போலீஸ் பேசறேன், உங்க பார்சல்ல கஞ்சா இருக்குது, அந்த மாதிரி?"

"இல்லீங்க."

"நெட்ல யாரு கூடவாச்சும் பழக்கமா? பணம் கேக்கறாங்களா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க, என்னப் பாத்தா அப்பிடித் தெரியுதுங்களா?"

"எல்லாருகிட்டயும் கேக்கறதுதாம்மா. நாலு லட்சத்து எண்பதாயிரம் யாருக்குப் போகுது?"

"ஒரு மெஷினுக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்காமலே சொன்னாள். "தாராபுரத்துல ஒரு எம்ப்ராய்டரி யூனிட்ட மூடறாங்க. பன்னெண்டு ஊசித் தலை மெஷினு. கலியாணத்துக்கு முன்னால நாலு வருசம் அதே மாதிரி மெஷின்லதான் நின்னனுங்க. நூல் அறுந்தா சத்தத்துலயே எந்தத் தலைன்னு சொல்லிருவேன். கூட வேலை பாத்த செண்பகம் வெள்ளகோயில்ல ஒரு தகரச் செட்டு போட்டு வெச்சிருக்கா. ஏலம் எனக்குத்தானுங்க விழுந்துருக்குது. மூணு மணிக்குள்ள பணம் வரலீன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"பணம் உங்களுதுதானா?"

"எங்கம்மா நெலம் வித்த பங்குங்க. என்ற பேர்லதான் வந்துச்சு."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவர விட்டுட்டுப் போறியான்னு கேட்டுறாதீங்க. அது எனக்கே இன்னும் தெரியாது. மொதல்ல மெஷின் வரட்டும்" என்றாள்.

நான் எழுந்து ஜன்னல்வரை போய்விட்டுத் திரும்பினேன். மூன்றாவது முறை பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னொரு தடவை திரும்புச்சுன்னா, யாரோ உங்களை மிரட்டி வாங்கறாங்கன்னு சிஸ்டம் முடிவு பண்ணீரும். உங்க பாதுகாப்புக்காகக் குடும்பத்து ஆளுக்கு மெசேஜ் போயிரும். யாருக்கு, எவ்வளவு, எதுக்குன்னு எல்லா விவரமும் இருக்கும்."

"குடும்பத்து ஆளுன்னா?"

"படிவத்துல நீங்க எழுதிக் குடுத்த பேரு. லோகநாதன்."

"அத நான் எழுதலீங்க. விரல் மட்டுந்தான் வெச்சேன்."

அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தாள். அவளுடைய மோதிரம் என் திரையோடு இணைந்திருந்தது. நூற்று முப்பது என்று காட்டியது.

"தெரிஞ்சா அடிப்பாரா?" என்று கேட்டேன்.

"சே, அதெல்லாம் இல்லீங்க. அவர் கை நீட்ட மாட்டாரு. இந்தக் கணக்க ஜாயிண்டா மாத்தீரலாம்னு சொல்லுவாரு. அதுக்கும் என்ற கையத்தான் கேப்பாரு." அவள் தன் விரலைப் பார்த்தாள். "நானும் குடுத்துருவனுங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அவள்மேலும் இருந்திருக்கலாம். நாற்பத்து மூன்று வயதுப் பெண், சொந்தப் பணம், சொந்த விரல், இதில் குடுத்துருவேன் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன்.

"அந்த ஒரு வரிய நீங்களே மாத்தி விட்றக்கூடாதுங்களா?" என்று அவள் கேட்டாள். "மனசில்லைன்னு இருக்கறத மனசிருக்குதுன்னு. நான் இங்கதான உக்காந்திருக்கறேன். என்னையே கேட்டுக்குங்க."

"முடியாதும்மா. எப்பிடின்னு சொல்றேன். காசோலைல பேரு, தொகை, தேதி, அந்த மனசு வரி எல்லாம் இருக்குதல்ல? அத்தனையும் சேத்துப் பிழிஞ்சா ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை உங்க மோதிரம் தன்னோட ரகசியச் சாவியால பூட்டி அனுப்புது. அந்தச் சாவி மோதிரத்தைவிட்டு வெளியவே வராது. அதுக்கு ஜோடியா இன்னொரு சாவி பேங்குல இருக்குது. அது எல்லாருக்கும் தெரிஞ்ச சாவிதான். அதால திறக்க மட்டுந்தான் முடியும், பூட்ட முடியாது. திறந்துச்சுன்னா போட்டது நீங்கதான்னு அர்த்தம்."

"செரிங்க."

"இப்ப நான் ஒரு எழுத்தை மாத்தினாலும் பிழிஞ்சா வர்ற எண்ணு மாறிப்போகும். பூட்டுக்குள்ள இருக்கற எண்ணோட ஒத்துப்போகாது. செல்லாது."

அவள் யோசித்தாள். "டிசைன் ஃபைல்ல ஒரு தையல நவுத்தினா மொத்தப் பூவும் கோணிக்கும். அந்த மாதிரிங்களா?"

"அதேதான்."

"நல்ல ஏற்பாடுதானுங்க" என்றாள் அவள். கிண்டல் செய்தாளா, உண்மையாகவே சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. "மாத்திரை ஏதாச்சும் போட்டுட்டு வந்தா எறங்குமுங்களா?"

"மோதிரம் கண்டுபிடிச்சிரும். மயக்கி வாங்கறவங்களுக்காகவே அந்தச் சோதனையை வெச்சிருக்காங்க."

மணி இரண்டு ஐந்து ஆகியிருந்தது.

ஒரு வழி இருந்தது. அதிகாரி நற்சான்று. இந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், தெளிவாக இருக்கிறாள், தானாகவே போடுகிறாள் என்று நான் எழுதி என் மோதிரத்தால் ஒப்பமிட்டால், மனசு வரி எப்படி இருந்தாலும் காசோலை போய்விடும். தினமும் ஐம்பது அறுபது நற்சான்று போடுகிறேன். பெரும்பாலும் வயதானவர்களுக்கு, இதய நோயாளிகளுக்கு, புதிய மோதிரங்களுக்கு. கீழே இருப்பவர்கள் எழுதி அனுப்புவார்கள், நான் விரலை வைப்பேன். ஒன்பது வருடத்தில் என் ஒப்பம் ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

"கவலைப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

படிவத்தைத் திறந்து நானே தட்டினேன். கோகிலவாணி தன் சொந்தப் பணத்தைத் தன் சொந்த விருப்பத்தின் பேரில் கொடுக்கிறார், அவர் பதற்றம் அச்சுறுத்தலால் வந்தது அல்ல, இதை நான் நேரில் பார்த்து உறுதி செய்கிறேன். திரும்ப ஒருமுறை படித்தேன். ஒரு நற்சான்றை நான் முழுதாகப் படித்து எத்தனை காலமாகிறது என்று நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. இதைப் போட்டால் நாளைக்கு லோகநாதன் வந்து என் மேசையைத் தட்டுவார் என்பதும் தோன்றியது. தட்டட்டும், எனக்கென்ன பயமா என்று விரலை வைத்தேன்.

திரை சிவந்தது.

துடிப்பு நூற்றொன்பது. மனமின்றிப் போட்டது. அதிகாரியின் ஒப்பம் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என்னுடைய பழைய பதிவுகள் வரிசையாக இருந்தன. அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு, அறுபத்தேழு. ஒரு லட்சத்துக்கும் மேல் நற்சான்றுகள். ஓர் இடத்தில்கூட என் நெஞ்சு அசையவில்லை.

"என்னாச்சுங்க?" என்றாள் கோகிலவாணி.

"என்னோடது திரும்பிருச்சு."

"உங்களுதுமா?" அவள் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். விதிப்படி விடக்கூடாது. விட்டேன். "மத்த நாளெல்லாம் ஏறவே இல்லையே. எப்பிடிங்க?"

"மத்த நாளெல்லாம் படிக்காமப் போடுவேன்" என்றேன்.

இரண்டு பதினைந்துக்கு அவளுடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் எடுத்தாள். எடுக்காமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை என்று நினைக்கிறேன். குரல் எனக்கும் கேட்டது. கத்தல் இல்லை, கோபம் இல்லை. வேறெதையோ பார்த்துக்கொண்டு பேசுகிறவர் குரல்.

"எங்கிருக்கற?"

"கடைவீதிக்கு வந்தனுங்க."

"நூல்காரனுக்கு ரெண்டு செக்கு கெடக்குது. வந்து கையக் கொண்டா."

"செரிங்க. நாலு மணிக்கு வந்தர்றேன்."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய முதல் சொல் வந்தபோது நூற்றிருபத்தெட்டு. 'கையக் கொண்டா' என்றபோது தொண்ணூறு. அவள் 'செரிங்க' என்றபோது எழுபத்தொன்று. போனை வைத்து அரை நிமிஷத்தில் திரும்பவும் நூற்றுப் பத்துக்கு வந்துவிட்டது.

அவளிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். இறங்கி ஏறிய எண்களை அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"அப்ப இத்தன வருசமா நான் மனசோட போட்டேன்னு இது சொன்னது இதத்தானுங்களா?"

"ஆமா."

"மொத மாசம் கை நடுங்குமுங்க. என்ன எழுதியிருக்குது, எவ்வளவுன்னு கேப்பேன். அவரு பதில் சொல்ல மாட்டாரு, கையக் கொண்டாம்பாரு. செக்கு திரும்பி வரும். உன்னால எனக்குக் கேவலம்பாரு. அப்பறம் கேக்கறத விட்டுட்டேன். நெனக்கறதயும் விட்டுட்டேன். விரல மட்டும் அங்க வெச்சுட்டு நான் எங்கியோ போயிருவனுங்க. அடுப்புல பருப்பு வெந்திருக்குமா, அப்பிடி ஏதாச்சும்." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கு வேணும்னு நானே நெனச்சு ஒண்ணு போடறது இதுதான் மொத தடவ. நெஞ்சு அடிக்காம என்ன பண்ணும்?"

நான் பேனாவை மூடித் திறந்தேன். என் அறிக்கையும் கேடயமும் என் கண்முன்னால்தான் இருந்தன. நூற்றுக்கு முப்பதிலிருந்து ஒன்றுக்குக் குறைந்தது என்று எவ்வளவு ஆனந்தமாக எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"ஒண்ணு செய்யலாம்" என்றேன். "அவருக்குத் திரும்பப் போன் போடுங்க. பேசிக்கிட்டே இருங்க. நம்பர் இறங்கினதும் விரலை வைங்க. முடிஞ்சிரும்."

"மாட்டனுங்க."

"இன்னும் அரை மணி நேரந்தாம்மா இருக்குது."

"இருக்கட்டுங்க. அவரு குரல வெச்சுத்தான் இதயும் போடோணும்னா எனக்கு அந்த மெஷினே வேண்டாம்." முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. திரையில் நூற்று நாற்பது.

எனக்கு அவளை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நான்கு தடவை நடந்தேன். வெளியே சரக்கு வேன்கள் நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவளைத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னேன். நூற்றுப் பத்துக்குக் கீழே அது இறங்கவில்லை. அமைதியாக இரு என்று யாராவது சொன்னால் எனக்கே அடிதடிக்கு இறங்கத் தோன்றும், அவளை என்ன குறை சொல்வது.

இரண்டு நாற்பதுக்கு அவளே கேட்டாள். "நீங்க சொல்லுங்க மேடம்."

"என்னது?"

"அவரு சொல்ற மாதிரி. நீங்க சொன்னாப் பரவால்லீங்க. நீங்க எனக்காகத்தான சொல்றீங்க."

நான் குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, "கையக் கொண்டா" என்றேன். நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவர் பேசுவது போல இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். எண் இன்னும் ஏறியது. இன்னொரு தடவை சொன்னேன், கோபமாக. ஏறியது. மேசையில் தட்டிச் சொன்னேன். அதற்கும் ஏறியது. இரண்டு நாற்பத்தைந்து.

"இது சரிப்பட்டு வராது" என்று உட்கார்ந்தேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நடிக்க வேண்டாமுங்க. எனக்கு முன்னால நீலச் சேல கட்டிட்டு ஒரு அம்மா வந்தாங்கல்ல? அவங்ககிட்ட நீங்க சொன்னீங்கல்ல? அப்பிடியே சொன்னாப் போதுமுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காலாட்டுவது தானாக நின்றுவிட்டது.

எனக்கும் லோகநாதனுக்கும் ஒரே குரல் என்பதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அவளுக்கு நேரமில்லை, இருக்கும் வழியைச் சொன்னாள். நான் அவள் பக்கம் பார்ப்பதை விட்டேன். திரைப் பக்கம் திரும்பி, மூன்றாவது முறைக்கான படிவத்தை எடுத்தேன். ஏல நிறுவனத்தின் பெயர், நான்கு லட்சத்து எண்பதாயிரம், இன்றைய தேதி. இன்னும் எத்தனை பேர் வெளியே இருப்பார்கள், மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருக்கும், நாளைக்கு ஏசிக்காரன் வருவானா என்று நினைத்துக்கொண்டேன். கஷ்டமாகவே இல்லை. ஒன்பது வருடப் பழக்கம்.

"விரலை வைங்க" என்றேன்.

நூற்று நான்கு. தொண்ணூறு. எண்பது.

"ம்."

எழுபத்தொன்று. அவள் விரல் அழுந்தியது.

"எடுங்க. அடுத்தது."

திரை பச்சையானது. மனமொத்துப் போட்டது. மணி இரண்டு ஐம்பத்தொன்று. இரண்டு நிமிஷத்தில் ஏல நிறுவனத்திடமிருந்து பணம் வந்து சேர்ந்த தகவலும், லாரி எந்தக் கிழமை அனுப்பலாம் என்ற கேள்வியும் அவள் போனுக்கு வந்தன.

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் கண்ணெல்லாம் நீர். எங்கோ போயிருந்தவள் இப்போதுதான் திரும்பி வந்திருந்தாள். திரையில் எண் நூற்று முப்பத்தைந்துக்குப் போய் நின்றது. அவள் மோதிரம் இருந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"போடறப்ப நான் இங்க இல்லீங்க" என்றாள். "என்ற மெஷினுக்குப் போட்டதயும் நான் பாக்கல. அது ஒண்ணுதான் கொற."

"மெஷின் வந்ததும் பாத்துக்கலாம்" என்றேன்.

"வெள்ளகோயில் பக்கம் வந்தா வாங்க மேடம்." வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "நாலு மணிக்குப் போய் அந்த ரெண்டு செக்குல விரல் வெக்கோணும். இன்னிக்கு எறங்குமான்னு தெரியலீங்க."

அவள் போய்விட்டாள். அன்றைக்கு அந்த இரண்டு காசோலைகள் எங்கள் கிளையில் தேறினவா, திரும்பினவா என்று பார்க்க எனக்குக் கை பரபரத்தது. பார்க்கவில்லை. அது அவள் விஷயம்.

என் ஒப்பம் மறுநாள் மத்தியானம்வரை நின்றிருந்தது. வரிசையில் ஐம்பத்தெட்டு நற்சான்றுகள் காத்திருந்தன. போட முடியாது, அதனால் படிக்க ஆரம்பித்தேன். முதலில் இருந்தது அந்த நீலப் புடவை அம்மாவின் புது மோதிரத்துக்கான நற்சான்று. பெயர் பாக்கியலட்சுமி, வயது ஐம்பத்தெட்டு, மூன்று கம்பெனிகளின் உரிமையாளர். ஒன்பது வருடத்தில் ஐயாயிரத்து இருநூறு காசோலைகள். துடிப்பு எழுபது, எழுபது, எழுபது. ஒரு குறையும் இல்லை.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா?" என்றார் பாக்கியலட்சுமி.

"தப்பு ஒண்ணும் இல்லைங்கம்மா. உங்ககிட்டக் கொஞ்சம் பேசோணும். நாளைக்கு வர முடியுங்களா?"

"வந்தர்றனுங்க. அவரயும் கூட்டிட்டு வரட்டுங்களா?"

"வேண்டாங்க. நீங்க மட்டும் வாங்க."

எதிர்ப்பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் மெதுவாக, "எத்தன மணிக்குங்க?" என்று கேட்டார்.

பதினொன்றுக்கு என்று சொல்லிவிட்டு வைத்தேன். என் மோதிரம் இன்னும் திரையோடு இணைந்திருந்தது. நூற்றிருபத்திரண்டு. அது இறங்குவதற்காகக் காத்திருக்காமல் வரிசையில் அடுத்த பெயரைப் படித்தேன்.